நாற்பத்தோரு விண்ணப்பங்கள்

தேவசிகாமணி கவுன்சிலர் ஆவதற்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. கடைசி நேரத்தில் அச்சாபீஸ்காரர்களை நம்ப முடியாது என்பதால், "தேவசிகாமணி, முனிசிபல் கவுன்சிலர், கீழப்புன்னை" என்று இருநூறு அட்டைகளை முன்கூட்டியே பாளையங்கோட்டையில் அடித்து வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார். ஒன்றை மட்டும் வேதப்புத்தகத்துக்குள் அடையாளத்துக்குச் செருகியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் புத்தகத்தைத் திறக்கும்போது பக்கத்தில் இருப்பவர் கண்ணில் அது படும். படவில்லையென்றால் புத்தகத்தைக் கொஞ்சம் சாய்ப்பார்.

"ஓட்டு எத்தனைன்னும் சேத்து அடிச்சிருக்கலாமே" என்றாள் அவர் மனைவி சாலோமி.

"நாப்பத்தொண்ணு" என்றார் தேவசிகாமணி, அவள் கேலியைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு.

தில்லி தர்பார் முடிந்த மறுவருஷம் அது. தாமிரபரணியின் வடகரையில் நெல்லும் வாழைத்தாரும் வண்டி மாறுகிற கீழப்புன்னைக்கு, முனிசிபாலிட்டி வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. கடைத்தெரு வட்டத்தில் மொத்தம் எழுபத்தாறு ஓட்டு. வருஷத்துக்கு மூன்று ரூபாயாவது வீட்டுவரி கட்டுகிறவருக்குத்தான் ஓட்டு. அவர்தான் தேர்தலில் நிற்கவும் முடியும். மூன்று ரூபாய்க்குக் கீழே கட்டுகிறவர்கள் தெருவில் கும்பிட்டால் தேவசிகாமணி தலையை மட்டும் அசைப்பார். மேலே கட்டுகிறவர்களுக்குக் கையும் எழும்பும்.

தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஊர் அவரைச் "சார்வாள்" என்றது. விண்ணப்பம் எழுதுவதில் அவரை மிஞ்ச ஜில்லாவில் ஆள் இல்லை என்று அவருக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. அந்தத் திறமையைத்தான் இப்போது தேர்தலுக்கு இறக்கியிருந்தார். முனிசிபாலிட்டி வீட்டுவரியை ஒன்றரை மடங்காக உயர்த்தியிருந்தது. வட்டத்தில் நாற்பது பேருக்கு, காசு வாங்காமல், வரியைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். கைம்மாறாக ஓட்டுக்கு வாக்கு வாங்கிக்கொண்டார். தனக்கும் ஒன்று எழுதினார். ஆக நாற்பத்தொன்று.

எல்லாவற்றிலும் சந்தைக் கணக்கையே வைத்தார். கத்தரிக்காய்க்காரி நாலணா சொன்னால் ஓரணாவுக்குக் கேட்பது, இரண்டணாவில் முடிப்பது. அவர் வீட்டுக்கு வரி பன்னிரண்டு ரூபாய். இரண்டரை ரூபாயாக்கும்படி கேட்டார். ஆறில் வந்து நிற்கும். நிற்காமல் அடியோடு மறுத்தாலும் நல்லதுதான். மறுப்பு உத்தரவை மேடையில் வாசிக்கலாம். உண்மையில் அவர் மறுப்பையே அதிகம் விரும்பினார்.

மூன்று மாதமாகப் பதில் இல்லை. முறையீடுகளை விசாரிக்கும் கமிட்டி, இப்போதைய கவுன்சிலரான அரிசி மண்டி பிச்சைக்கண்ணுவின் கையில் இருந்தது. தேர்தலில் எதிர்த்து நிற்பவரும் அவரே.

"பயந்துட்டான்வே" என்றார் தேவசிகாமணி, தன் கட்சியின் முதல் ஆளான கருப்பட்டி வியாபாரி கொம்பையாவிடம். "கொடுத்தா கஜானா காலி. மறுத்தா ஓட்டு காலி. எப்படிப் புடிச்சேன் பாத்தேரா?"

"பாத்தேன் சார்வாள்" என்றார் கொம்பையா. "ஆனா அந்த மனுசன் மண்டியில உக்காந்து சிரிச்சுக்கிட்டுல்லா இருக்காரு."

"உள்ளுக்குள்ள அழுவான்."

சனிக்கிழமை மாலை நாலு மணிக்குச் சந்தைக் கொட்டகையில் தர்க்கம். "மூன்று வருஷத்தில் முனிசிபாலிட்டி ஊர்ப் பணத்தை நடத்திய விதம் நன்றா, தீதா?" என்று தமுக்கடித்து அறிவித்திருந்தார்கள். தலைமை, கோரைப்பாய் வியாபாரி அசன் முகம்மது. கூட்டம் உட்காருவதற்குத் தன் கடைப் பாய்களையே விரித்திருந்தார். உட்கார்ந்து பிடித்துப்போனால் கூட்டம் முடிந்ததும் முக்கால் விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதையே தலைமையுரையாகச் சொல்லி அமர்ந்தார்.

தேவசிகாமணி எழுந்தார். கறுப்புக் கோட்டு, கழுத்துவரை பொத்தான். கோடை வெயிலுக்கு அது ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அவர் ஒத்துக்கொண்டார்.

"மகா ஜனங்களே! பாலத்துச் சுங்கம் வண்டிக்கு அரையணாவா இருந்தது. இந்தப் புத்திசாலிகள் ஓரணா ஆக்கினார்கள். என்ன ஆச்சு? சீவலப்பேரியில வெள்ளாமை செய்யற சம்சாரி நம்ம ஊருக்கே வராம நேரா திருநெல்வேலிக்கு வண்டியை விட்டுட்டான். நூறு வண்டி வந்த இடத்தில் நாற்பது வருது. நூறு அரையணா பெரிசா, நாற்பது ஓரணா பெரிசா? விழுந்த ஓட்டையை எதை வச்சு அடைச்சார்கள்? உங்க வீட்டுவரியை வச்சு! விளக்குக் கம்பம் நாற்பது நட்டார்கள். எரியறது பன்னிரண்டு. மற்ற இருபத்தெட்டும் நிலாவை எதிர்பார்த்து நிக்குது!"

கொட்டகை அதிர்ந்தது. உண்மையிலேயே நல்ல வாதம். ஒரு மணி நேரம் பேசினார். வேதப்புத்தகத்துச் சங்கீதத்திலிருந்து இரண்டு வசனம், ரெவினியூ விதியிலிருந்து மூன்று. கடைசியில் மேஜையைத் தட்டினார். "நாற்பத்தோரு விண்ணப்பம்! மூணு மாசம்! பதில் உண்டா? ஏழை அழுத கண்ணீருக்குக் காது உண்டா?"

கண்ணீருக்குக் காது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டல் அடங்கவே நேரம் பிடித்தது.

பிச்சைக்கண்ணு எழுந்தார். தோளில் துண்டு, கையில் ஒரு கட்டுக் காகிதம்.

"எனக்குச் சார்வாள் மாதிரிப் பேச வராது. போன வருசம் கார் வெள்ளாமை பொய்ச்சது எல்லாருக்கும் தெரியும். வண்டி வரலைன்னா, ஏத்துததுக்கு நெல்லு இல்ல. அதான். வெளக்கு பன்னெண்டுதான் எரியுது, வாஸ்தவம். சார்வாள் வீட்டு வாசல்ல நிக்கதும் அதில ஒண்ணு."

சிரிப்பு எழுந்தது. தேவசிகாமணி பெரிய மனுஷனாய்ப் புன்னகைத்தார்.

"வீட்டுவரி. இங்கனதான் எங்க தப்பு. சார்வாள் வீட்டை நாங்க தூரத்திலருந்து பாத்துட்டுப் பன்னெண்டு ரூவா போட்டுட்டோம். இப்ப அவரே எழுதினதைப் படிச்சபொறவுதான் நெஞ்சு பதறிச்சு." பிச்சைக்கண்ணு காகிதத்தைப் பிரித்து நிதானமாக வாசித்தார்: "'சமுகத்துக்குக் கீழ்ப்படிந்த ஏழை தேவசிகாமணி தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. சர்க்கார் தயவாய் என் வீடு என்று குறிப்பிடுவது, உள்ளபடி, மழைக்கு ஒதுங்க மாடும் யோசிக்கிற நாலு கால் கொட்டகை…'"

வாசலில் "தேவ விலாசம்" என்று சுண்ணாம்பில் எழுத்து எடுத்த, எட்டுத் தேக்குத் தூண் கொண்ட மெத்தை வீட்டை அறியாதவர் அங்கே யாரும் இல்லை. பாய்களில் ஆட்கள் புரண்டார்கள். பாய்க்கு என்ன ஆகுமோ என்று அசன் முகம்மது எழுந்து நின்றுவிட்டார்.

"சிரிக்காதீங்க" என்றார் பிச்சைக்கண்ணு. "சார்வாள் பொய் எழுத மாட்டாரு. அதனால அவரு கேட்டது ரெண்டரை, ரெண்டரையே போட்டாச்சு. ஒரு தம்பிடி கூட்டலை. மத்த நாப்பது பேருக்கும் கேட்டது கேட்டபடி. உத்தரவு இன்னைக்குத்தான் கையெழுத்தாச்சு."

நாற்பது பேரும் ஒன்றாய்க் கத்தினார்கள். கொம்பையா ஓடிவந்து தேவசிகாமணியின் இடுப்பைக் கட்டித் தூக்கினார். "சர்க்காரை மண்டி போட வச்சுட்டேரே சார்வாள்!"

தூக்கிய உயரத்திலிருந்து தேவசிகாமணி பார்த்தபோது, பிச்சைக்கண்ணுவும் கைதட்டிக்கொண்டிருந்தார். தோற்றவன் வேறு என்ன செய்வான்?

வீட்டில் சாலோமி உத்தரவை வாங்கிப் பார்த்தாள். "பேரமே பேசாமலா குடுத்தாரு? அரிசி மண்டிக்காரரா?"

"வாதத்தின் வலுவுளா அது" என்றார் தேவசிகாமணி.

திங்கட்கிழமை காலை, முனிசிபல் ஆபீஸ் சுவரில் வாக்காளர் பட்டியல் ஒட்டினார்கள். தேவசிகாமணி கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து, ஒரே ஆளாய்ப் போய்ப் பார்த்தார். கடைத்தெரு வட்டம் முப்பத்தைந்தாம் எண்ணோடு முடிந்தது. மீதிப் பக்கம் பின்னால் மடிந்திருக்கிறதோ என்று காகிதத்தைத் தூக்கியும் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

"ஏவே மாடக்கண்ணு" என்று உள்ளே இருந்த குமாஸ்தாவை அழைத்தார். "என் பேரு விட்டுப்போச்சே."

மாடக்கண்ணு நோட்டைப் புரட்டினார். "வரி எவ்வளவு சார்வாள்?"

"பன்னி…" என்று ஆரம்பித்த தேவசிகாமணி நிறுத்தினார். "ரெண்டரை" என்றார்.

"மூணு இருந்தாத்தான ஓட்டு. கேக்கும்போது மூணேகாலுன்னு கேட்டிருக்கலாம் சார்வாள்." மாடக்கண்ணு உண்மையான வருத்தத்தோடு சொன்னார். "மத்த நாப்பது பேருக்கும் நீங்களே ரெண்டரை, ரெண்டேகாலுன்னு எழுதியிருக்கீக. கமிட்டி அய்யா சொல்லிட்டாரு, சார்வாள் எழுதினதுல ஒரு எழுத்தையும் மாத்தக் கூடாதுன்னு."

அப்படியும் தேவசிகாமணி தளரவில்லை. அன்று மதியமே ஆட்களைக் கூட்டினார். நாற்பது பேருக்குச் சொல்லி அனுப்பினார், கொம்பையா மட்டும் வந்தார்.

"ஒண்ணும் பெரிசில்லவே. வரியைத் திரும்ப உயர்த்தணும்னு நாப்பத்தோரு பேரும் ஒரு மனு போடுவோம். நான் எழுதுதேன்."

கொம்பையா துண்டால் முகத்தைத் துடைத்தார். "சார்வாள், ஓட்டு மூணு வருசத்துக்கு ஒருக்க வருது. வரி ஆறு மாசத்துக்கு ஒருக்க வந்துருதுல்லா."

"உரிமைன்னு ஒண்ணு வேண்டாமாவே உமக்கு?"

"வேணும்தான். அது என்ன விலைன்னு இப்பத்தான தெரிஞ்சுது. எனக்கு வருசத்துக்கு ஆறு ரூவா மிச்சம். இனிமே அதை வாங்கக் கட்டுபடியாகாது சார்வாள்." எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார். "ஆனா ஒண்ணு. உங்கள மாதிரி ஒரு கவுன்சிலர் இந்த ஊருக்குக் கெடைக்க மாட்டாரு."

தேவசிகாமணி தனியாகவே எழுதினார். "முன்பு தாழ்மையினால் நாலு கால் கொட்டகை எனக் குறிப்பிட்டது, எட்டுத் தேக்குத் தூண்களும் மூன்று மச்சறைகளும் கொண்ட மாளிகை என்று அறியவும்." நான்காம் நாள் பதில் வந்தது. அந்த வேகத்தைக் கண்டு ஆபீசே ஆச்சரியப்பட்டதாம். "ஏழைகள்மேல் வரிச்சுமையைக் கூட்டுவது இச்சபையின் கொள்கை அன்று. விண்ணப்பம் தள்ளப்பட்டது."

கடைசியில் மறுப்பு வந்துவிட்டது. வாசிக்கத்தான் மேடை இல்லை.

போட்டிக்கு ஆள் இல்லாமல் பிச்சைக்கண்ணு கவுன்சிலரானார். நாற்பத்தோரு வீட்டு வரி குறைந்ததை ஈடுகட்ட மூன்று விளக்குகளை அணைக்கத் தீர்மானித்தார்கள். முதல் விளக்கு எதுவென்று ஊருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு வாரம் தேவசிகாமணி வீட்டைவிட்டு இறங்கவில்லை. எட்டாம் நாள் காலை வாசலில் செருமல் கேட்டது. பிச்சைக்கண்ணுவின் மைத்துனர் முத்துமாலை நின்றார். அந்த முப்பத்தைந்து ஓட்டில் ஒருவர்.

"சார்வாள், தப்பா நெனைக்கக் கூடாது. கொம்பையாவுக்கு ஆறு ரூவா மிச்சமாம். அத்தானுக்கு ஓட்டுப் போட்டு எனக்கு என்ன கெடைச்சுது? வரிதான். எனக்கும் ஒண்ணு எழுதித் தரணும். தெருவில இன்னும் பத்துப் பேரு பைய வாரேன்னாங்க."

"ஓட்டுப் போயிருமே, பரவாயில்லையா?" என்றார் தேவசிகாமணி.

"போட்டும் சார்வாள்."

தேவசிகாமணி மனக்கணக்குப் போட்டார். முப்பத்தைந்தில் பதினொன்று கழிந்தால் இருபத்துநாலு. மூன்று வருஷம் இருக்கிறது. சொந்த மைத்துனனின் விண்ணப்பத்தைப் பிச்சைக்கண்ணு தள்ளுவானா? தள்ளினால் வீட்டுக்குள் சண்டை. தள்ளாவிட்டால் இருபத்துநாலு. ஒரு விண்ணப்பம் மட்டும் மூன்றேகால் ரூபாய்க்கு எழுதினால் போதும். அது எட்டுத் தூண் கொண்ட தன் வீட்டுக்கு.

முதுகு நிமிர்ந்தது. உள்ளே திரும்பி, "ஏளா, காப்பி ரெண்டு" என்றார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது.

"உக்காரும்வே" என்றார், பேனாவை மையில் தோய்த்து. "உம்ம வீட்டுக்கு எத்தனை தூணு?"

"ஆறு."

"ரெண்டுன்னு போடுவோம்."