எலாஸ்டிக் திருடிகள்

தையல் கடையின் மூன்று படிகளையும் அக்கா ஒரே தாவில் தாண்டி உள்ளே வந்து நின்றாள். ஐம்பத்தாறு வயதுக்காரி!

"பார்த்தியாடி? மறுபடியும் குதிக்கட்டுமா?"

சீருடைத் துணியை விரித்துக்கொண்டிருந்த தங்கை கத்திரியோடு அப்படியே நின்றுவிட்டாள். "ஐயோ, விழுந்து தொலைக்காதே. என்னாச்சு உனக்கு?"

"டாக்டரம்மா உள்ள ஒரு வளையம் வச்சுவிட்டாங்க. கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்குமாம்."

"மெதுவாப் பேசு. தெருவுக்கே கேட்கும்."

"கேட்கட்டுமே! ஆறு வருஷமா அடி இறங்கி, முட்டையை இடுக்கிக்கிட்டு நடக்கிற மாதிரி நடந்தேன். அப்ப எவளாவது என்னன்னு கேட்டாளா?" அக்காவுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் நிறுத்துவதாக இல்லை. "பிள்ளை பெத்தப்பவே தளர்ந்ததாம். முன்னெல்லாம் தூரத்துக்கு நாலு நாள் முன்னால கனக்கும், அப்புறம் சரியாகிடும். தூரம் நின்னதும் ஹார்மோன் குறைஞ்சு, உள்சதை மெலிஞ்சு, பிடிமானமே போயிடுச்சாம். நம்ம பாஷையில, எலாஸ்டிக் செத்துப்போச்சு! களிம்பும் குடுத்திருக்காங்க."

தங்கைக்கு ஐம்பத்தொன்று. தூரம் நின்று ஒன்றரை வருடம். சாயங்காலமானால் அவளுக்கும் அதே கனம், அதே முட்டை. கட்டினவரிடம்கூட மூச்சு விட்டதில்லை. சொல்லிவிடலாம் என்று இப்போது நாக்கு நுனிவரை வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நாளைக்கு நாலு மணிக்கு நீயும் வர்றே," என்றாள் அக்கா.

"நான் எதுக்கு?"

"துணைக்குத்தான்." அக்கா ஒரு மாதிரியாகச் சிரித்தாள். "அது சரி, எலாஸ்டிக் திருடியைக் கண்டுபிடிச்சியா?"

அது ஒரு வருடத்துச் சண்டை. கடையில் அகல எலாஸ்டிக் மட்டும் கரைந்துகொண்டே இருந்தது. இவள் அவளைச் சொல்ல, அவள் இவளைச் சொல்ல, கடைசியில் பழி எலிமேல் விழுந்தது. தான் எடுத்தது தங்கைக்குத் தெரியும். அதற்கு மேலும் குறைந்ததே, அதுதான் புரியவில்லை.

"எலிதான்," என்றாள் தங்கை, தலை நிமிராமல்.

அன்று அக்கா உட்காரவே இல்லை. நின்றபடியே நாற்பது சீருடைக்கு வெட்டினாள். வாயில் பாட்டு வேறு. மூன்று மணிக்கு, "தண்ணி குடுடி," என்று முக்காலியில் உட்கார்ந்தவள், டம்ளர் வருவதற்குள் மேஜைமேல் தலை சாய்த்துவிட்டாள். "குதிச்சது போதுமா?" என்று தங்கை சிரித்துக்கொண்டே தோளைத் தட்டினாள். அப்புறம்தான் அலறினாள்.

நெஞ்சடைப்பு. "அந்த வளையத்தாலயா?" என்று ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பக் கேட்டாள். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா," என்றார் டாக்டர்.

அடையாள அட்டை கேட்டார்கள். அக்காவின் பையைத் துழாவியபோது, அடியில் சுருட்டிய பெல்ட் ஒன்று கையில் தட்டுப்பட்டது. நாலு விரல் அகல எலாஸ்டிக், கீழே தாங்கிப் பிடிக்க மடித்த துணிப்பட்டை, ஓரத்தில் நாலு வரித் தையல். தங்கையின் கை தன் இடுப்புக்குப் போனது. புடவைக்குள் அவள் கட்டியிருந்ததும் அதேதான். நாலு வரிகூட மாறவில்லை.

"அடிப் பாவி! எலி நீதானா!"

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்து, எது எதுவென்று தெரியாமல் போயிற்று. பெல்ட்டுக்குள் டாக்டரம்மாவின் சீட்டு இருந்தது. நாளை, நாலு மணி. வயது என்ற இடத்தில் ஐம்பத்தொன்று.

கள்ளிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

மறுநாள் அக்காவின் அடக்கம் முடிந்து எல்லோரும் வீடு திரும்பும்போது மணி மூன்று. தங்கை புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

"இன்னைக்கா? எங்க போறே? நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்றார் கணவர்.

"பேசட்டும். எனக்கு அடி இறங்கியிருக்குங்க. ஒரு வருஷமாச்சு. டாக்டர்கிட்ட போறேன்."

கூடத்திலிருந்த உறவுக்காரப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வண்டிச் சாவியைத் தேடினார்.

"நீங்க இருங்க. வந்தவங்களைக் கவனிக்கணும். எனக்குத் துணை இருக்கு."

நாலு மணிக்கு நர்ஸ் சீட்டைப் பார்த்து நிமிர்ந்தாள். "நேத்து ஒரு அம்மா வந்து சீட்டு போட்டாங்களே. கூட வருவேன்னு சொன்னாங்க. வந்திருக்காங்களா?"

தங்கை பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த அக்காவின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.