தாலாய்பெக் கட்டிய ஒன்பதாம் மாடி

அறையைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டரின் அடிப்பாகத்தில் கை வைக்க முடியாத சூடு, மேல்பாகம் சில்லென்று. பெர்மெத் காலையில் அதன் மூலையிலிருந்த திருகைத் திறப்பாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறும், முழுதும் சூடாகும். மாலைக்குள் பழைய கதைதான். உச்சியிலிருந்த ஒன்பதாம் மாடியில் மட்டும் இந்தக் கூத்து. எட்டாம் மாடிக்காரர்கள் பனியனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

கிர்கிஸ்தானின் பிஷ்கேக்கில் பதினாறு வருடமாக வெந்நீர்க் குழாய் வேலை பார்ப்பவள் அவள். அதே மாடியில் அவள் வீடு. தம்பி குடும்பமும் அங்கேதான். சனிக்கிழமை தம்பி குழந்தைக்கு நாற்பதாம் நாள். வழக்கப்படி நாற்பது கரண்டித் தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டும். அறையிலோ பன்னிரண்டு டிகிரி.

"அண்ணி, இந்தக் குளிர்ல புள்ளைய எப்படி நனைக்கிறது?" என்றாள் தம்பி மனைவி ஜீபெக்.

வியாழக்கிழமை, வீட்டைக் கட்டி விற்ற தாலாய்பெக் விளம்பரம் எடுக்க கேமராக்காரனோடு வந்தான். பன்னிரண்டு வருடம் தொலைக்காட்சியில் மாவீரனாக நடித்தவன். குதிரை ஓடும் காட்சியில் மட்டும் வேறொருவன் ஓட்டினான். ரேடியேட்டரின் அடியில் கை வைத்துக் கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

"பாரு தங்கச்சி, தகதகன்னு கொதிக்குது!"

"மேல வைங்கண்ணே."

"மேல வெளிச்சம் சரியில்ல."

பெர்மெத் பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். குழாயில் சேரும் புதுத் தண்ணீரில் காற்று கரைந்திருக்கும். சூடானதும் பிரிந்து உச்சிக்கு ஏறும். உச்சியில் தானாகத் திறக்கும் வால்வு ஒன்று இருந்தால் போய்விடும். இல்லையென்றால் அங்கேயே தேங்கிப் பக்கத்து ரேடியேட்டர்களுக்குள் புகும்.

"மச்சுல வால்வு இருக்கா அண்ணே?"

"பளபளன்னு இருக்கு! சோதனைக்கு வந்த அதிகாரியே ஏணியில நின்னு தலைய நீட்டிப் பார்த்துட்டு, பிரமாதம்னு சொல்லிட்டுப் போனாரு."

ஏணியில் நின்று பார்த்தால் பிரமாதம்தான். பெர்மெத் மச்சில் ஏறி உள்ளே தவழ்ந்து போனாள். பித்தளை நிறத்தில் மின்னியதைத் தொட்டாள், கனமே இல்லை. நகத்தால் சுரண்டினாள். வண்ணப் பூச்சு உதிர்ந்து உள்ளே மரம் தெரிந்தது. முனை அடைத்த குழாயின் மேல் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

அதைப் பிய்த்துக்கொண்டு வந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எங்க செட் ஆசாரி செஞ்சது," என்றான், கொஞ்சமும் கூசாமல். "கேமரா போகாத இடத்துல எவன் நிஜ சாமான் வைப்பான்? நீ இவ்ளோ கிட்டப் போய்ப் பார்ப்பேன்னு யாரு கண்டா?"

"நீங்க கட்டினது வீடுண்ணே. உள்ள ஆளுங்க இருப்பாங்க. சனிக்கிழமை இந்தக் குளிர்ல எங்க குழந்தைய எப்படிக் குளிப்பாட்டுறது?"

"குழந்தைக்குக் கம்பளி போர்த்திக் குளிப்பாட்டு!"

கேமராக்காரனே தலையைத் திருப்பிக்கொண்டான். பெர்மெத் மர வால்வை அவன் கையில் திணித்துவிட்டு, கருவிப் பெட்டியை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை குழாயை மூடி, தண்ணீரை இறக்கி, அடைப்பை அறுத்துவிட்டு நிஜ வால்வை மாட்டினாள். காற்று சேர்ந்தால் உள்ளிருக்கும் மிதவை இறங்கி வாய் திறக்கும்; காற்று போனதும் தண்ணீர் மிதவையைத் தூக்கி வாயை மூடும். சனிக்கிழமை அறையில் இருபத்து மூன்று டிகிரி.