இடப்பக்கத்து ஈரம்

"அக்கா, வேன் ஒண்ணுக்குப் போயிருச்சு!"

முன்னிருக்கையில் இருந்த தனுஜா நனைந்த காலுறையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி அறிவித்ததும் பின்னால் இருந்த பாலர் கூட்டம் கூவிச் சிரித்தது. வேனை ஓட்டிக்கொண்டிருந்த நிஷாந்தி மட்டும் சிரிக்கவில்லை.

டிக்கோயாத் தோட்டங்களின் பிள்ளைகளை ஹட்டனிலுள்ள பாலர் பாடசாலைக்கு ஏற்றிச் செல்வது அவள் பிழைப்பு. வேனை வாங்கி இரண்டு மாதந்தான் ஆகிறது. இரவில் மழை பெய்தால் போதும், காலையில் இடப்பக்க முன்னிருக்கையின் காலடிக் கம்பளம் பிழியப் பிழிய நீர் வடிக்கும். புழுங்கிய நாற்றம் பின்னிருக்கை வரை பரவும். திங்கட்கிழமையும் பிள்ளைகள் ஈரக் காலோடு வந்தால் வேறு வேன் பார்த்துக்கொள்வதாகப் பாடசாலை அதிபர் சொல்லிவிட்டார். வேறு வேன் என்றால் முத்துலிங்கத்தின் வேன்தான். அந்தப் பக்கம் மூன்றாவது ஒன்று கிடையாது.

அந்த முத்துலிங்கமே வேன் நிறுத்துமிடத்தில் அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொல்லக்கூடாது புள்ள. இது வெள்ளத்துல முங்குன வண்டி. கழுவி, பாலிஸ் போட்டு, செண்டு அடிச்சு ஒந்தலையில கட்டிட்டாரு நானா."

நானா என்று அவர் குறித்தது, ஹட்டன் கடைத்தெருவில் உதிரிப்பாகக் கடை நடத்தும் முஸ்லிம் அண்ணன் ரிஸ்வியை. அவர் ஓட்டிய வேனைத்தான் நிஷாந்தி வாங்கியிருந்தாள்.

முதலில் அவள் சந்தேகம் சொன்னவர் மீதே திரும்பியது. இவ்வளவு உறுதியாக இவருக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் ஊற்றுகிற கை இவருடையதாகவே இருந்தால்? அன்று மாலை வேனின் கதவுகளுக்குக் குறுக்கே கறுப்பு நூலை ஒட்டிவைத்தாள். காலையில் நூல் அறுபடாமல் இருந்தது. கம்பளம் மட்டும் நனைந்திருந்தது.

ஆக, ரிஸ்வி. இருக்கைப் பட்டியைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தாள். வெள்ளத்தில் கிடந்த வண்டியென்றால் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருக்கும் என்று எங்கோ கேட்டிருந்தாள். பட்டி சுத்தமாக இருந்தது. மாற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். கம்பளத்தைத் தூக்கினாள், அடியில் மணல். இதற்கு மேல் என்ன வேண்டும்?

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வேனை வாங்கிய கையோடு இறம்பொடை அனுமார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, வைப்பர்களில் வெற்றிலை மாலை கட்டி, திரும்பும் வழியில் ரிஸ்வியின் கடை முன் நிறுத்தியிருந்தாள். ரிஸ்வி வண்டியின் முன்புறத்தையே பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். அவர் விழுங்கியது வெள்ளக் கதையைத்தான் என்று இப்போது அவள் முடிவு கட்டினாள்.

சனிக்கிழமை காலை அவள் கடைக்குள் நுழைந்தபோது இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தனர்.

"வாங்கொ தங்கச்சி" என்றார் ரிஸ்வி.

"நானா, இந்த வண்டி எந்த வெள்ளத்துல கிடந்துச்சு?"

வாடிக்கையாளர்களின் கைகள் அப்படியே நின்றன.

"வெள்ளமா? என்ட வண்டியா?"

"அப்ப கம்பளத்துக்கு அடியில மணலு?"

"தோட்டத்துப் புள்ளைகள் சப்பாத்தோட ஏறுறாங்கதானே. மண்ணு வராம மல்லிகப்பூவா வரும்?"

வாடிக்கையாளர் ஒருவர் சிரித்தார். பதில் இவ்வளவு விரைவாக வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. ரிஸ்வி வெளியே வந்தார். மணலைப் பார்க்கவில்லை, கம்பளத்தைத் தொடவில்லை. அன்று போலவே நேராக முன்கண்ணாடியைப் பார்த்தார். உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"தண்ணி ஊத்திப் பாப்போம். நீங்க ஊத்துங்கொ, நான் உள்ள ஈக்கிறேன்."

"வேணாம். நான் உள்ள இருக்கேன். நீங்க ஊத்துங்க."

அவரை வண்டிக்குள் தனியே விட அவளுக்கு மனமில்லை. இருக்கைக்குக் கீழே ஒருக்களித்துப் படுத்து, கைப்பேசி வெளிச்சத்தை மேலே பிடித்தாள். குழாய் நீர் சக்கரத்தின் மேல் விழுந்தது, உள்ளே ஒன்றுமில்லை. கதவில், கூரையில் விழுந்தது, ஒன்றுமில்லை.

"கண்ணாடிக்கு ஊத்துங்க நானா!"

நீர் கூரையிலேயே விழுந்துகொண்டிருந்தது.

"ஊத்துங்கன்னா!"

தயங்கித் தயங்கி நீர் கண்ணாடியில் விழுந்தது. சற்று நேரத்தில், காற்று வரும் பெட்டியின் ஓரத்தில் ஒரு சொட்டுத் திரண்டது. அடுத்து ஒன்று. பிறகு விரல் பருமனில் நீர் இறங்கி அவள் மணிக்கட்டை நனைத்தது. நீரோடு வந்த ஏதோ ஒன்று தோலில் ஒட்டிக்கொண்டது.

செவ்வந்தி இதழ்.

வெள்ளிக்கிழமை தவறாமல் தோட்டத்துக் கோயிலில் வாங்கி வைப்பரில் கட்டும் மாலை அது. சாமிக்குச் சாத்திய மாலையைப் பிய்த்தெறிய மனம் வராமல், பழையது தானாக உதிரட்டும் என்று அதன் மேலேயே புதியதைக் கட்டிவந்தாள். உதிர்ந்தவை எங்கே போயின என்று ஒருநாளும் அவள் கேட்டுக்கொண்டதில்லை.

அவள் கை மூடிக்கொண்டது.

"வந்திச்சா தங்கச்சி?" வெளியிலிருந்து ரிஸ்வியின் குரல். "வண்டிய இங்க வெச்சிட்டுப் போங்கொ. திங்கக்கிழம புள்ளைகள ஏத்த வேணுமே, என்ட மத்த வேனக் கொண்டு போங்கொ. இத நான் பாக்கிறேன்."

இதழைக் கம்பளத்துக்கு அடியில் தள்ளிவிட்டால் போதும். பிள்ளைகள் கைவிட்டுப் போகமாட்டார்கள். கடையில் இரண்டு பேர் முன்னால் அவள் வீசிய சொல்லும் பொய்யாகாது. அவள் மூச்சுக் காற்றில் புழுங்கல் நாற்றம் ஏறியது. வெளியே வந்து கையை விரித்தாள்.

"நானா, இது என்னோட பூவு."

ரிஸ்வி திருகாணி முடுக்கியை எடுத்து, கண்ணாடிக்கு அடியிலுள்ள கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். ஓரத்து இடுக்கு வழியாக விழுந்த மாலைகள் உள்ளே கறுத்த கூழாகக் கிடந்தன. நீர் வெளியேறும் துளையின் மேல் வெற்றிலை ஒன்று மூடி போட்டதுபோல் படிந்திருந்தது. அதை எடுக்க நீண்ட கையை அவர் பாதியில் இழுத்துக்கொண்டார்.

"சாமிட சாமான். நான் கை வெக்கலாமா?"

அவளே எடுத்தாள். தேங்கிய நீர் மடமடவென்று சக்கரத்தருகே இறங்கியது.

"நானா, ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியாது, பயம் ஈந்திச்சி. ஆனா கோயில்ல ஈந்து நேரா வாரீங்க. மாலையக் கழட்டுங்கொ எண்டு, அதும் நான், எப்பிடிச் செல்ற? செல்லியிருந்தா நீங்க என்னத்த நெனச்சிருப்பீங்க?"

என்ன நினைத்திருப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கடைக்குள் போனாள். ஒருவர் ஏற்கெனவே போய்விட்டிருந்தார். அவள் வீசிய சொல்லும் அவரோடு தெருவில் இறங்கியிருக்கும். மற்றவரிடம் மட்டும், "வண்டி நல்ல வண்டிதாங்க. தப்பு ஏம்மேல" என்றாள்.

திங்கட்கிழமை காலை, இரவு முழுதும் பெய்த மழைக்குப் பிறகு, அதிபர் குனிந்து கம்பளத்தில் உள்ளங்கையை அழுத்தினார். கையைப் பார்த்தார். தலையசைத்துவிட்டு உள்ளே போனார். அவள் வேனின் புது மாலை முன்பக்கக் கம்பியில், கண்ணாடிக்கு வெகு கீழே ஆடிக்கொண்டிருந்தது.

நிறுத்துமிடத்தில் எல்லா ஓட்டுநரும் கேட்கும்படி அவள் சொன்னாள்: "முத்துலிங்கண்ணே, இது வெள்ளத்து வண்டி இல்ல. நான் போட்ட மாலதான் தண்ணிய அடச்சிருச்சு. நானாவ நான் சொன்னது தப்பு."

"அப்பிடியா?" என்றார் முத்துலிங்கம்.

அவருடைய வேனின் வைப்பர்களிலும் காய்ந்த மாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"ஒங்க வண்டியிலயும் கெடக்கு. எடுத்துருங்கண்ணே, உள்ள போயி அடச்சிக்கும்."

முத்துலிங்கம் மாலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் மாலையைப் பார்த்தார்.

"ஏன் புள்ள," என்றார் மெதுவாக, "ஏஞ்சாமி மாலைய நான் எடுத்தா ஒனக்கு என்னா லாபம்?"