வெளிவட்டத்துக் கழிகள்

லாரியிலிருந்து இறங்கிய மூங்கில் கழிகளைப் பார்த்ததும் காண்ட்ராக்டருக்கு வாயெல்லாம் பல். பச்சைப் பசேலென்று, வழவழவென்று, ஒரு தழும்புகூட இல்லாமல், இப்போதுதான் குளித்துவிட்டு வந்த பிள்ளைகள் போல அடுக்கிக் கிடந்தன. “கழின்னா இதுல்ல கழி! உங்க அண்ணனுக்கு நல்ல கைராசி,” என்று பாப்பாவிடம் சொன்னார். அவள் முகம் போன போக்கைப் பார்த்த அவள் புருஷன், கையிலிருந்த டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்தான். அதன் பிறகு நிம்மதியாகக் குடிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

பாப்பா என்பது அவள் பேர் இல்லை. அண்ணன் சின்ன வயதில் கூப்பிட்டது, தலை பாதி நரைத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவளுக்குச் சாரம் கட்டுகிற வேலை. கட்டடத்தின் வெளிப்புறம் மூங்கில் கழிகளை நட்டு, குறுக்குக் கழி போட்டுக் கயிற்றால் இறுக்கி, பலகை விரித்துக் கொடுப்பாள். பூசுகிறவர்களும் பெயிண்ட் அடிக்கிறவர்களும் அதில் நின்று வேலை செய்வார்கள். சுவரைப் பார்த்து நிற்கிற ஆளுக்குக் காலடியைப் பார்க்க நேரம் ஏது? அவனுக்கும் சேர்த்துப் பார்ப்பது தன் வேலை என்று நினைக்கிறவள் அவள். கழி சப்ளை எல்லாம் அண்ணன்தான். அப்பா வைத்துவிட்டுப் போன மூங்கில் தோப்பு அவன் பொறுப்பில் இருந்தது.

அன்று வந்தது இரண்டாவது லாரி. முதல் லாரி முந்தின நாளே வந்துவிட்டது. பாப்பா வேறொரு கட்டடத்தில் சாரம் பிரிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அவள் புருஷன் அந்தக் கழிகளை வைத்து இரண்டு அடுக்கு கட்டியும் முடித்திருந்தான். “பாக்க நல்லாத்தானே இருந்துச்சு,” என்பது அவன் கட்சி. பளபளப்புக்கு மயங்காத ஆள் உலகத்தில் ரொம்பக் குறைச்சல். அந்த மனுஷன் அந்தக் குறைச்சலில் சேர்த்தி இல்லை.

பாப்பா குனிந்து ஒரு கழியைத் தொட்டாள். கணுக்களில் இன்னும் உறை ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வெள்ளையாக வந்தது. கத்தியைத் திருப்பி முதுகால் தட்டினாள். முற்றிய கழி கணீரென்று பதில் சொல்லும். இது மொத்தென்றது.

மூங்கில் புதரில் புதுசு எல்லாம் வெளிப்பக்கம்தான் முளைக்கும். வயசானவை நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு, தோல் மங்கி, பாசி படிந்து, பார்க்கச் சகிக்காமல் நிற்கும். ஆனால் ஆளைத் தாங்குவது அவைதான். அவற்றை எடுக்க வேண்டுமானால் ஒரு பக்கம் வழி பண்ணிக்கொண்டு உள்ளே புகுந்து, கிழிபட்டு, வெட்டி இழுக்க வேண்டும். உடம்பு வணங்காதவன் வெளிவட்டத்தோடு வெட்டி வாரிக்கொண்டு வந்துவிடுவான். போதாததற்கு இது மழை பெய்து குருத்து விடுகிற காலம். இப்போது வெட்டினால் கழி முழுக்க நீரும் இனிப்பும்தான் இருக்கும். மனுஷன் வருவதற்கு முன்னால் வண்டு வந்து பந்தியில் உட்கார்ந்துவிடும்.

லாரியின் முன்சீட்டிலிருந்து அண்ணன் இறங்கி வந்தான். முதலில் வயிறு வந்தது, பின்னால் அவன் வந்தான்.

“அண்ணே, இது எத்தனை வயசுக் கழி?”

“மூங்கிலுக்கெல்லாம் ஜாதகம் பாத்தா வெட்டுவாங்க?”

“பால் பல்லு விழாத கழி. வெளிவட்டத்துல வெட்டியிருக்கே.”

“நடுவுல நுழைய முடியலை. ஒரே சிக்கல். ஆளுங்க மாட்டேன்னுட்டாங்க.”

“அவங்க மாட்டேன்னா நீ நுழையறது.”

அண்ணன் வயிற்றைத் தட்டிக் காட்டினான். “இதை வெளியில கழட்டி வெச்சுட்டா நுழையறது?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்க வைப்பதில் அண்ணனை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. மற்ற நாளாக இருந்தால் பாப்பாவும் சிரித்திருப்பாள். அன்றைக்கு அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

“நல்ல கழிதானே? அப்ப நீயே ஏறு. ரெண்டாவது அடுக்குல நின்னு காட்டு, பாப்போம்.”

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? பச்சைக் கழி முதல் நாள் யானையைக் கூடத் தாங்கும். அது அவளுக்குத் தெரிந்த அளவு அங்கே வேறு யாருக்கும் தெரியாது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அண்ணனோ ரோஷக்காரன். செருப்பைக் கழற்றிப் போட்டான், மூச்சு வாங்க ஏறினான், இரண்டாவது அடுக்குப் பலகையில் நின்று இடுப்பில் கை வைத்துக் குதித்தான். ஒரு தரம் இல்லை, ஆசை தீரக் குதித்தான். சாரம் முனகக்கூட இல்லை. கீழே நின்றவர்கள் விசிலடித்தார்கள்.

“அவ்வளவுதான், தீர்ப்பு ஆயிடுச்சு,” என்றார் காண்ட்ராக்டர். “மேல கட்டுங்கம்மா.”

“இன்னைக்குத் தாங்கும் சார். அவரையும் தாங்கும், உங்களையும் சேர்த்துத் தாங்கும். தண்ணி குடிச்சுப் பருத்து நிக்குது. வெயில் பட்டுக் காய்ஞ்சா சுருங்கும். கழி சுருங்கினா கட்டு லூசாயிடும். வெளியில பாத்தா முடிச்சு முடிச்சாவே இருக்கும்.”

“அப்பப்ப இறுக்கிக்க வேண்டியதுதான்.”

“கட்டை இறுக்கலாம். கழியே வெடிச்சா? உள்ள வண்டு தின்னா? அதை எதை வெச்சு இறுக்குவீங்க?”

காண்ட்ராக்டர் கேட்டுக்கொண்டார். ஆனால் குதித்த ஆளைக் கண்ணால் பார்த்தாயிற்றே. கண்ணால் பார்த்ததற்கு முன்னால், இனிமேல் நடக்கப்போவது எம்மாத்திரம்? “உனக்கு இஷ்டமில்லைன்னா விடும்மா. நாளைக்கு வேற ஆளுங்க வந்து கட்டுவாங்க. கழி இங்கதானே கிடக்கும்,” என்றார். லாரிக்காரன் நீட்டிய ரசீதை மட்டும் இன்னும் வாங்கவில்லை. அவர் விவரமான ஆள்.

அண்ணன் இறங்கி வந்து அவளைத் தனியாக மணல் குவியல் பக்கம் கூட்டிப்போனான். இப்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

“பாப்பா, இந்த ஆளு போயிட்டா வேற யாரு நம்மகிட்ட கழி எடுப்பா? தோப்புல பாதி உனக்கும்தான். உன் வயித்துல நீயே அடிச்சுக்கப் போறியா?”

“கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லு. முத்தினதா வெட்டித் தரலாம்.”

“பொறுக்க மாட்டான். இந்த ஒரு தடவை கண்ண மூடிக்க. அடுத்த தடவை நீ சொல்றபடி வெட்டறேன்.”

“அடுத்த தடவைக்குக் கழி ஏது? கன்னுக்குட்டிய எல்லாம் வெட்டிட்டு வந்துட்டே.”

அண்ணன் கெட்டவன் இல்லை. அதுதான் பாப்பாவுக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு, கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு போயிருப்பாள். அவள் கை சுத்தமாக இருக்கும். ஆனால் கழி இங்கேயே கிடக்கும். நாளைக்கு எவனோ கட்டுவான், எவனோ ஏறுவான். தன் கை சுத்தமாக இருப்பதால் அந்த எவனோ ஒருவனுக்கு என்ன லாபம்? பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள்.

“அந்த ரம்பத்தை எடு,” என்றாள் புருஷனிடம்.

“எதுக்கு?”

“எடுன்னா எடு.”

குவியலிலிருந்து ஒரு கழியை இழுத்துப் போட்டாள். நடு எது என்று கையால் சாண் போட்டுப் பார்த்து, கால் வைத்து அழுத்திக்கொண்டு அறுக்க ஆரம்பித்தாள். பச்சைக் கழி, வெண்ணெய் மாதிரி அறுபட்டது.

“ஏய், ஏய், என்ன பண்றே?” என்று காண்ட்ராக்டர் ஓடி வந்தார்.

“தோப்புல பாதி எனக்குன்னு இப்பத்தான் அண்ணன் சொன்னாரு. என் பாதியை எடுத்துக்கறேன். இந்தா இருக்கு அவரு பாதி.”

வாயைப் பொத்திக்கொள்வதற்குள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பாதியாகப் போன கழி முதல் அடுக்குக்குக்கூட எட்டாது. “கூடை பின்னுறவங்ககிட்ட குடு, அருமையா வளையும்,” என்று சொல்லிக்கொண்டே அடுத்ததை இழுத்தாள். “இளசு வளையறதுக்குத்தான். ஆளு நிக்கறதுக்கு இல்லை.”

காண்ட்ராக்டர் ரசீதைப் பார்த்தார், லாரிக்காரனைப் பார்த்தார். “நான் இன்னும் சரக்கு வாங்கிக்கலை. இது உங்க குடும்ப விவகாரம்,” என்று நாலு அடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

அண்ணன் பாய்ந்து வந்து ரம்பத்தைப் பிடுங்கப் பார்த்தான். முடியவில்லை. கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை அவளுடையது. “என்னை அறுத்துட்டு அப்புறம் கழியை அறு!” என்று கத்திக்கொண்டே, அவள் இழுத்துப்போட்ட கழியின் ஒரு முனையில் தொப்பென்று உட்கார்ந்தான். அவன் பாரத்தில் கழி ஆடாமல் அசையாமல் நின்றது. இப்போது இன்னும் சுளுவாக அறுபட்டது. அவள் ஒவ்வொரு கழியாக இழுக்க, அவன் ஒவ்வொன்றின் மேலும் மாறி மாறி உட்கார்ந்தான். கோபத்தில் அவனுக்கு அது விளங்கவில்லை.

அவள் புருஷன் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, முந்தின நாள் தான் கட்டிய இரண்டாவது அடுக்கில் ஏறி, கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினான். அவர்களோடு சாரம் கட்டுகிற மற்ற நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி போய் இன்னொரு ரம்பம் எடுத்து வந்தாள்.

பாப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை. தோப்பு போனால் போகட்டும், காண்ட்ராக்டர் போனால் போகட்டும், அவளால் தாங்க முடியாதது அண்ணன் முகம்தான். அவனும் அழுதுகொண்டிருந்தான்.

“இன்னையோட உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லை. என் வாசப்படி மிதிக்காதே.”

“சரி, மிதிக்கலை.”

“அப்படி என்னடி ஆயிடுச்சு? இதுவரைக்கும் ஒருத்தன் விழுந்தானா? ஒருத்தனுக்காவது கால் உடைஞ்சுதா? சொல்லு!”

“யாரும் விழலைண்ணே,” என்றாள் பாப்பா. “அதனாலதான் இன்னைக்கே அறுக்கறேன். காலைத் தள்ளி வெச்சுக்க, ரம்பம் பட்டுடப் போகுது.”