ஆளில்லாமல் இன்னொரு தடவை

தனியார் விண்கலம் ஒன்றில் பறக்கத் தேர்வான நால்வரில் கோரிப்பாளையத்து அப்சானாவும் ஒருத்தி. ஆளில்லாமல் அனுப்பிய சோதனையில் பாராசூட் விரியாமல் அந்தக் கலம் கடலில் மோதி நசுங்கியது. கோளாறைச் சரிசெய்துவிட்டதாகக் கம்பெனி சொன்னதை யாரும் நம்பவில்லை. பறக்கப்போகிறவளே சொன்னால் நம்புவார்கள் என்று மதுரையில் ஒரு கல்லூரியில் கூட்டம் போட்டார்கள்.

மேடையேறும் முன் கம்பெனி அதிகாரி தமிழ்மாறன், "எனக்கு முழு நம்பிக்கை இருக்குன்னு சொல்லுங்க, அம்புட்டுப் போதும்" என்றார்.

"சரிபண்ணின பாராசூட்டைச் சோதிச்சுட்டீங்களா சார்?"

"அதுக்கு நேரமில்லம்மா."

அப்சானா மைக்கைப் பிடித்தாள். முன்வரிசையில் அவள் அத்தா பக்கீர் முகமது பூரிப்போடு உட்கார்ந்திருந்தார்.

"எனக்குப் பறக்க ஆசைதான். ஆனா ஆளில்லாம இன்னொரு தடவை அனுப்பி, அது நல்லபடியா இறங்கட்டும். அதுவரைக்கும் இதை நம்புங்கன்னு உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்."

தமிழ்மாறன் பதறி அருகில் வந்தார். "உங்க இடம் போயிரும்." மைக்கில் அது அரங்கம் முழுக்கக் கேட்டது.

"போகட்டும் சார். வேற யாரை ஏத்தினாலும் இதையேதான் சொல்வேன்."

அன்றே அவளை நீக்கினார்கள். மறுநாள் மற்ற மூவரும் ஏற மறுத்ததும், கம்பெனிக்கு வேறு வழியில்லாமல் போனது. சில மாதங்களில் ஆளில்லாக் கலம் மறுபடி புறப்பட்டது. பாராசூட் சரியாக விரிந்து, கலம் பத்திரமாக இறங்கியதை வீட்டில் டிவியில் பார்த்தார்கள்.

"நல்லாத்தானே இறங்குச்சு. வீணா இடத்தை விட்டுட்டியேம்மா" என்றார் அத்தா.

"நல்லா இறங்கும்னு இப்பத்தானே அத்தா தெரியுது. நாளைக்கே போய் என் இடத்தைக் கேக்கப்போறேன்."