பிழைதிருத்தல் பத்திரம்

எங்கள் பக்கத்தில் சீசன் என்றால் ஆனியும் ஆடியும்தான். சாரல் விழும், குற்றாலத்தில் கால் வைக்க இடம் இருக்காது. எனக்கும் மசூதுக்கும் மட்டும் சீசன் தை மாதம் தொடங்கும். அது சினிமா விருது சீசன். சிரிக்காதீர்கள். அவனவனுக்கு ஒரு கிறுக்கு இருக்கும், எங்களுக்கு இது.

நான் சங்கரபாண்டி. தென்காசி பத்திர ஆபீசுக்கு எதிரே இருபத்தாறு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். மசூது ரியாத்தில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்து மேலகரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். கடையின் பின்னறையில் உட்கார்ந்து, பொற்சிலை விருது யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று இருவரும் கத்திச் சண்டை போடுவதை வீடியோ எடுத்து யூடியூபில் போடுவோம். எட்டு வருடமாக நடக்கிறது. ஐந்து தடவை நான் ஜெயித்தேன், மூன்று தடவை அவன். இந்தக் கணக்கை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவ்வளவு மண்டைக்கனம்.

பரிந்துரைப் பட்டியல் வந்த கையோடு பச்சைத் தாளில் யூகப் பத்திரம் எழுதிவிடுவோம். என் தொழில் வாடை இதிலும் அடிக்கும். 'தென்காசி வட்டம் மேலகரத்தில் வைத்து, சுயநினைவுடனும் யாருடைய தூண்டுதலும் இன்றியும் எழுதிக்கொண்டது' என்று ஆரம்பித்து, இன்ன விருது இன்னாருக்கு என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அதில் இரண்டு ஷரத்து உண்டு. போன வருடம் தோற்றவன் முதலில் எழுத வேண்டும். அவன் எழுதிய பேரை மற்றவன் எழுதக் கூடாது. இருவரும் ஒரே பேரை எழுதினால் சண்டை ஏது? சண்டை இல்லாத வீடியோவை எவன் பார்ப்பான்?

இந்த வருடப் பட்டியலைப் பார்த்ததும் மசூது கடையில் இருந்து கத்திய கத்தல் ரோட்டுக்குக் கேட்டிருக்கும். சிறந்த துணை நடிகைக்கான ஐந்து பேரில் ஒருத்தி எங்கள் பார்வதியம்மாள்.

ஐந்தருவி கார் ஸ்டாண்டு பக்கம் பழமும் நேந்திரங்காய் சிப்சும் விற்கிறவள். ஐம்பத்தாறு வயது. போன வருடம் குற்றாலத்தில் படம் எடுக்க வந்தவர்கள் அவளிடம் சிப்ஸ் வாங்கப் போய், அவள் பேசுகிற அழகைப் பார்த்து, கதாநாயகிக்கு அம்மாவாகப் போட்டுவிட்டார்கள். படம் தென்காசியில் மூன்றே நாள்தான் ஓடியது. நான் இரண்டாம் நாள் பார்த்தேன். வெளியூரில் படிக்கிற மகளிடம் அந்தத் தாய் போனில் பேசுகிற ஒரு காட்சி. "ஏலே, சாப்ட்டியாலே?" என்று கேட்பாள். அவ்வளவுதான் வசனம். நான் கர்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்துகிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பட்டியல் வந்த மறுநாள் நாங்கள் கேமராவோடு அவள் கடைக்குப் போனோம். ஐயப்ப சாமிகள் கூட்டம் வடிந்திருந்த நேரம்.

"எக்கா, பரிசு கெடச்சா மேடையில என்ன பேசுவீங்க?" என்று மசூது கேட்டான்.

"பேசுததுக்கு எனக்கு என்ன தெரியும்? ஒரு கும்புடு போடுவேன். பொறவு எங்க சுகந்திய ஒரு தடவ கூப்ட்டுக்கிடுவேன்."

சுகந்தி அவளுடைய ஒரே மகள். ஜோஷ்வா என்ற பையனைக் கட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. போன் நம்பரும் இரண்டு பேருக்கும் மாறிவிட்டது.

"சினிமாவ அவ பாத்தாளோ என்னமோ, யாரு கண்டா? டிவின்னா எந்த ஊர்லயும் தெரியும்லா? நான் கூப்புடுதது அவ காதுல விழுந்துட்டாப் போதும் தம்பி, வந்துருவா" என்றாள். சொல்லிவிட்டுக் கேமராவை அணைக்கச் சொன்னாள். இதைப் போட்டுவிடாதே, மகளுக்கு வெட்கமாக இருக்கும் என்றாள்.

இதைக் காதால் கேட்ட மனிதன்தான் நான். அதை மறந்துவிடாதீர்கள்.

அன்று சாயங்காலம் யூகப் பத்திரம் எழுதினோம். போன வருடம் தோற்றவன் மசூது. பேனாவை வாங்கியதும் முதல் வேலையாக, துணை நடிகை என்ற இடத்தில் பார்வதியம்மாள் என்று எழுதி இரண்டு கோடு போட்டான். எனக்கு வயிறு எரிந்தது. அது நான் எழுத வைத்திருந்த பேர்.

"ஷரத்து ஷரத்துதாம்வே. நீரு வேற ஆளப் பாரும்" என்று சிரித்தான்.

வேறு ஆளை எழுதினேன். எழுதினால் அதற்குக் கேமரா முன்னால் வாதாட வேண்டும். அந்த நடிகையின் படத்தை நான் பார்க்கக்கூட இல்லை. அவளைத் தூக்கிப் பேச ஒன்றும் இல்லாததால், பார்வதியம்மாளைக் கீழே இறக்க வழி தேடினேன். நாக்கில் சனி உட்கார்ந்தது அப்போதுதான்.

"அந்தம்மா நடிப்பு நல்ல நடிப்புதான். ஆனா நம்ம ஊருத் தமிழ் வரலியே வே! பொம்பளப் பிள்ளைய எந்தத் தாய் ஏலேன்னு கூப்புடுவா? ஆம்பளப் பையன்னா ஏலே, பொட்டப் பிள்ளன்னா ஏட்டி. ஒண்ணாங்கிளாஸ் பையனுக்குத் தெரியும். மெட்ராஸ்ல உக்காந்து எவனோ எழுதிக் குடுத்தத இந்தம்மா அப்படியே ஒப்பிச்சிருக்கு. இதுக்கு விருதா?"

மசூது பதில் சொல்வதற்குள் நான் இன்னும் நாலு வார்த்தை பேசி வாயை அடைத்துவிட்டேன். பத்திரம் எழுதுகிறவன், சொல்லுக்குச் சொல் பிழை பார்க்கிறவன், அந்த ஊர்க்காரன் வேறு; நான் சொன்னால் நம்பாமல் இருப்பார்களா? அந்தத் துண்டை மட்டும் வெட்டி எவனெவனோ பரப்பினான். நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். எங்கள் வீடியோவை அதற்கு முன்னால் நாலாயிரம் பேர் பார்த்தாலே நாங்கள் பிரானூர் பார்டருக்குப் போய்ப் பரோட்டாவும் கோழியும் சாப்பிடுவோம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் என் மனைவி முத்துலட்சுமி அதைப் பார்த்துவிட்டுப் போனைக் கட்டிலில் போட்டாள்.

"நம்ம மவள நான் தெனமும் எப்படி எழுப்புதேன்?"

எனக்குத் தெரியும். ஏலே, எந்திரிலே, பஸ்ஸு போயிரும்லே. பெண்பிள்ளை மேல் பிரியம் பொங்கினால் எங்கள் ஊரில் அப்படித்தான் வாயில் வரும். எங்கள் அம்மாவும் என் தங்கையை அப்படித்தான் கூப்பிட்டாள். அன்று காலையில்கூட அடுப்படியில் இருந்து அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்தேன்.

"அது வீட்டுப் பேச்சுட்டி. இது சினிமா" என்றேன்.

"நல்லாருப்பீய" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தெரியாமல் சொன்னவனை மன்னிக்கலாம். நான் தெரிந்தே சொன்னேன்.

விருது விழா மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மசூது கடையில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். மற்ற விருதுகளில் இருவரும் சமம், துணை நடிகைதான் பாக்கி. பார்வதியம்மாள் மூன்றாவது வரிசையில் மாம்பழ நிறப் பட்டுச்சேலையில் இருந்தாள். ஐந்து பேரையும் வாசிக்கும்போது கேமரா அவள் முகத்தில் இரண்டு மூன்று வினாடி நின்றது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒத்திகை பார்க்கிறாள் என்று புரிந்தது. புரிந்தும், உறையைப் பிரித்து நான் எழுதிய பேரை வாசித்ததும், "ஜெயிச்சிட்டேன்லா!" என்று துள்ளி எழுந்தேன். டிவியில் அவள் எல்லோருக்கும் முன்னால் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

மசூது டிவியை அணைத்தான். யூகப் பத்திரத்தை எடுத்து, தோற்றதற்கான கையெழுத்தைப் போட்டு என் பக்கம் தள்ளினான்.

"ஆறுக்கு மூணு. எழுதிக்கிடும்."

அதன் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. அடுத்த இரண்டு நாளில் தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் பேட்டி கொடுத்தார். 'அந்த அம்மையாரும் கடைசி வரை போட்டியில் இருந்தார். வட்டார வழக்கில் பிழை இருப்பதாக அந்த மண்ணின் மக்களே சுட்டிக்காட்டியிருந்ததால் தயங்கினோம்' என்றார். மண்ணின் மக்கள்! அது நான் ஒருத்தன்தானய்யா.

பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பதினோராம் நாள் மனசு கேட்காமல் ஐந்தருவிக்குப் போனேன். பார்வதியம்மாள் சிப்ஸைப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தாள். மசூது பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வாங்க தம்பி. நீங்க சொன்னதுஞ் செரிதான். டைரக்டர் தம்பி எழுதிக் குடுத்தது ஏட்டிதான். நாந்தான் அது வேண்டாம்னுட்டு, எம்மவள கூப்புடுதாப்ல ஏலேன்னுட்டேன். நமக்கு என்ன படிப்பா இருக்கு? நீங்க படிச்சவுக."

"எக்கா, அது வந்து..."

"ஒரு மாசமா இங்கன வார போறவுக எல்லாம் திருத்திட்டாக. ஆட்டோக்காரன், டீக்கடைக்காரன், ஒருத்தன் பாக்கி இல்ல. எக்கா, ஏட்டின்னு சொல்லணும்க்கா, எங்க சொல்லுங்கன்னு ஒரே சிரிப்பாணி. சொல்லிச் சொல்லி நாக்கு அதுலயே பழகிப்போச்சு."

பொட்டலத்துக்கு நூல் சுற்றினாள்.

"விழா முடிஞ்சு மக்கா நாளு காலம்பற தென்காசி ஸ்டேசன்ல வந்து எறங்குதேன், போன் அடிக்கு. எம்மான்னு ஒரே ஒரு சொல்லு. எங்க சுகந்தி. டிவில என்னயப் பாத்திருக்கா தம்பி! பரிசு இல்லாட்டாலும் பாத்துட்டா. படக் கம்பெனில கேட்டு நம்பர் வாங்கியிருப்பா போல. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. 'ஏட்டி சுகந்தி'ன்னுட்டேன்."

நூலை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"எங்க வீட்டுல ஏட்டின்னா கோவம். அவ வீட்ட விட்டுப் போன அன்னைக்கு வாசல்ல நின்னு நான் கடைசியாச் சொன்னது, 'ஏட்டி, இனிமே இந்த வாசல மிதிச்சிராத'ன்னுதான். அதத்தான் திரும்பவுஞ் சொல்லுதேன்னு நெனச்சிட்டா. கட் பண்ணிட்டா."

மசூது அந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான். புனலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பேக்கரியின் நம்பர். "ஆரோ வந்நு விளிச்சு, போயி. அறியில்ல" என்று மலையாளத்தில், யாரோ வந்து பேசிவிட்டுப் போனார்கள், தெரியாது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்களாம். செங்கோட்டை வழியாகப் போகிற ரயிலைப் பிடித்து அவளும் அவனும் அங்கே போய் இரண்டு நாள் நின்றுவிட்டு வந்திருக்கிறார்கள். அத்தனை பஸ் வந்து போகிற இடத்தில் யாரை என்று தேடுவது?

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். பத்திரத்தில் தப்பு வந்துவிட்டால் பிழைதிருத்தல் பத்திரம் என்று ஒன்று எழுதுவோம். சர்வே நம்பர் மாறிப்போனாலும் சரி, அப்பன் பேர் மாறிப்போனாலும் சரி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட்டால் நேராகிவிடும். பச்சைத் தாளை எடுத்து எழுதினேன். 'மேற்படி வீடியோவில் ஏட்டி என்பதே சரி என்றும் ஏலே என்பது பிழை என்றும் நான் சொன்னது தவறு. தவறு என்று தெரிந்தே சொன்னது. ஏலே என்றே திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டியது.'

மசூதிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்துவிட்டு, கேமராவை எடுத்து வைத்தான். நான் வாசித்தேன். வீடியோவைப் போட்டு ஒரு வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள்.

"உம்ம மூஞ்சிய எவன் பாப்பான்? அக்காவே ஏலேன்னு ஒரு தடவ கூப்ட்டா, அந்தப் பிள்ள கண்ணுல என்னைக்காவது படும்" என்றான் மசூது.

மறுபடியும் ஐந்தருவிக்குப் போனோம். கேமராவைப் பார்த்ததும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"வரமாட்டேங்கு தம்பி. இனி எப்படிச் சொன்னாலும் நடிச்ச மாதிரில்லா இருக்கும்."

மசூது கேமராவை இறக்கினான். என்ன செய்வது என்று தெரியாமல் நான் பிழைதிருத்தல் பத்திரத்தை அவளிடம் நீட்டி முழுக்க வாசித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்வதியம்மாள் என்று எழுதினாள். எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இத எந்த ஆபீசுல பதியணும் தம்பி? பதிஞ்சா புனலூருக்கு ஒரு காப்பி போயிரும்லா?"