கார் நிறுத்துமிடத்தில் இருளப்பசாமி கிடா

சார்ஜாவில் இருந்த காலமெல்லாம் ஊரைப் பற்றிப் பேசியது ஜெயபாண்டி. ஊருக்கு வந்து பாடுபட்டது அவர் மனைவி அமுதவள்ளி. அவர் அங்கே குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு, "என்ன இருந்தாலும் நம்ம கரிசக்காட்டுக் காத்து வருமா?" என்று பெருமூச்சு விடுவார். அந்தக் காற்றில் எவ்வளவு புழுதி உண்டு என்பது பெருமூச்சு விடுகிறவருக்கு மறந்துவிட்டது. பெருக்கி அள்ளப்போகிறவளுக்கு மறக்கவில்லை.

நினைத்ததைச் சாதித்தார். சொந்த ஊர் நாகலாபுரத்தில் தோட்டத்து நடுவில் பெரிய வீடு. கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரள் கொட்டி நிரப்பிய பிறகுதான் அஸ்திவாரம் போட வேண்டும் என்று கொத்தனார் தலையால் அடித்துக்கொண்டார். "மண்ண மாத்தவா நான் கடல் தாண்டி வந்தேன்? இந்த மண்ணு மேலதான் வீடு" என்றுவிட்டார் ஜெயபாண்டி. மண் அவருடைய பாசத்தைச் சட்டை செய்யவில்லை. மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கி, மூன்றாவது கோடையில் கூடத்துச் சுவரை உச்சியிலிருந்து அடிவரை பிளந்து போட்டது. பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் உளுந்தும் மக்காச்சோளமும் விதைக்க, இவர் டிராகன் பழம் நட்டார். தொப்பி வைத்துக்கொண்டு செடிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படங்களுக்குச் சார்ஜா சிநேகிதர்களிடமிருந்து பாராட்டு குவிந்தது. பழம்தான் வரவில்லை.

கடைசியில் அமுதவள்ளி ஜெயித்தாள். கோவில்பட்டியில் பைபாஸ் பக்கம் புதிதாக எழும்பிய 'ராயல் மெடோஸ்' குடியிருப்பில், இரண்டாவது மாடியில், இரண்டு படுக்கையறை வீடு. அரச புல்வெளி என்று அர்த்தமாம். வாசலில் பச்சைப் பிளாஸ்டிக் பாய் விரித்திருந்தார்கள். தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை, சுவர் பிளக்கவில்லை, பாம்பு வரவில்லை. அவளுக்கு அது போதும்.

ஊஞ்சல், பவர் டில்லர், பன்னிரண்டு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை எல்லாவற்றையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தாயிற்று. கொடுக்க முடியாமல் நின்றவை இரண்டு. ஒன்று, அந்த வீடு. பார்க்க வந்தவர்கள் வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்து, மோர் குடித்துவிட்டுப் போனார்கள். இன்னொன்று, கிடா.

மகன் சண்முகராஜுக்குக் கனடா விசா இழுத்துக்கொண்டே போனபோது, அமுதவள்ளிதான் குலசாமி இருளப்பசாமிக்கு ஒரு கிடா நேர்ந்துவிட்டாள். விசா வந்தது, பையன் போனான், கிடா நின்றது. குலசாமி கோயிலில் கொடைத் திருவிழா நடந்தால்தானே வெட்ட? கொடை ஃபிளெக்ஸில் யார் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்று பங்காளிகளுக்குள் சண்டை வந்து, சாமிக்குச் சாப்பாடு இரண்டு வருஷமாகத் தள்ளிப்போகிறது. நேர்ந்த கிடாவை விற்கக்கூடாது, அடிக்கக்கூடாது, விரட்டக்கூடாது. நேர்ந்த வீட்டு ஆட்கள்தான் தீனி போட்டு வளர்க்க வேண்டும். பங்காளி மந்திரமூர்த்தியிடம் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளச் சொன்னதற்கு, "மதினி, வேற என்ன வேணும்னாலும் கேளுங்க. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா சாமி என்னையல்லா கேக்கும்?" என்று நழுவிவிட்டான்.

இதில் மனம் குளிர்ந்தது ஜெயபாண்டிக்குத்தான்.

"கிடா எங்கனயோ அங்கனதானட்டி நாம. அந்த மாடி வீட்டுல வேண்டாம்னு சொல்லிட்டாவன்னா பேசாம ஊருக்கே போயிருவோம். வீடுதான் சும்மா கெடக்கே!"

அப்போதுதான் அமுதவள்ளிக்குப் புரிந்தது, அந்தக் கிடாதான் அவருடைய திரும்பும் டிக்கெட்டு என்று. தான் நேர்ந்த கிடா தன்னையே பழைய வெடிப்புக்குள் இழுத்துப் போட்டுவிடும். விடக்கூடாது என்று முடிவுகட்டிக்கொண்டாள்.

லோடு ஆட்டோவில் குளிர்சாதனப் பெட்டிக்கும் பீரோவுக்கும் நடுவில், கழுத்தில் நேர்ச்சை மஞ்சள் துணியோடு கிடா வந்து இறங்கியது. காவலுக்கு இருந்த கருப்பசாமி கயத்தாற்றுக்காரர். தடுக்க வந்தவர் மஞ்சள் துணியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"யாருக்குத் தாயி?"

"இருளப்பசாமிக்கு."

கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

தன் பங்குக்கான கார் நிறுத்துமிடத்தில் அதைக் கட்டினாள் அமுதவள்ளி. குடியிருப்போர் சங்கச் செயலாளர் செண்பகராஜ், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், நடைப்பயிற்சிக் காலணியோடு ஓடிவந்தார்.

"என்ன மேடம் இது? பெட் அனிமல்ஸ் இங்க அலவ்டு இல்ல."

"பெட்டு இல்ல அண்ணாச்சி. சாமி சொத்து."

"இது கார் பார்க்கிங்!"

"எங்ககிட்டக் கார் இல்லையே. அந்த எடத்துலதான் நிக்கி. அதுவும் ஹார்ன் அடிக்கல, புகை விடல."

செண்பகராஜின் கண் கிடாவின் கழுத்துக்குப் போனது. அவருக்குச் சொந்த ஊர் கழுகுமலைப் பக்கம். ஆனால் பத்து வருஷமாக 'நேட்டிவ் கோவில்பட்டி சிட்டி' என்று சொல்லிவருகிறார். அதனால் மஞ்சள் துணி என்னவென்று தெரியாத மாதிரிதான் அவர் பார்க்க வேண்டியிருந்தது.

கிடாவுக்குச் சங்க விதி தெரியாது. அமுதவள்ளி காய்கறி வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம் கயிற்றை அறுத்துக்கொண்டு, சங்கத்தின் குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக மொட்டையடித்தது. பிறகு செண்பகராஜ் வீட்டுக்காரம்மா வளர்த்த போன்சாய் ஆலமரத்தை ஒரே வாயில் முடித்தது. எல்லாரும் பால்கனியில் நின்று "ஏய், ஏய்" என்றார்கள். ஒருத்தர்கூடக் கீழே இறங்கிக் கம்பை எடுக்கவில்லை. "யாராவது விரட்டுங்களேன்" என்று மேலே இருந்தபடி ஆளாளுக்குச் சத்தம் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம். பிளாஸ்டிக் பாய் மேல் நாற்காலிகள் போட்டார்கள். முதல் மாடி பிரேமலதா ஆரம்பித்தாள்.

"நாம ஒரு டீசண்ட் கம்யூனிட்டி. வெளிய தெரிஞ்சா என்ன நெனப்பாங்க?"

"மொட்ட மாடில மொளகா வத்தல் காயப்போட்டு எல்லாரையும் தும்ம வச்சப்ப டீசண்ட் எங்க போச்சாம்?" என்றாள் அமுதவள்ளி.

"அது டெரஸ் கார்டன்!"

"சரி, இது பார்க்கிங் கார்டன்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனாலும் கிடாவை உடனே வெளியேற்ற வேண்டும் என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அமுதவள்ளி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் ஜெயபாண்டி புருவத்தைச் சுளித்து வருத்தப்படுவது போல இருந்தார். கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"கருப்பசாமி, அவுத்துட்டுப் போய் வெளிய விடுங்க" என்றார் செண்பகராஜ்.

"வேலைய வேணும்னா விட்டுட்டுப் போறேன் சார். கயித்தத் தொட மாட்டேன்."

"வேற யாராவது?"

ஒருவருக்கு முதுகு பிடிப்பு. ஒருவர் வீட்டில் மகளுக்குப் பொதுத்தேர்வு. கிடாவைக் கொடுமைப்படுத்தக்கூடாது என்று பிரேமலதாவுக்குத் திடீரென்று ஜீவகாருண்யம் வந்துவிட்டது. கடைசியில் செண்பகராஜே எழுந்து போனார். கயிற்றுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார். கிடா நிமிர்ந்து அவரைப் பார்த்தது. அவர் மகளுக்கு அடுத்த வாரம் அமெரிக்க விசா நேர்காணல். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, "இது... சம்பந்தப்பட்ட குடும்பமே செய்யவேண்டிய காரியம்" என்று திரும்பி வந்தார்.

ஜெயபாண்டி காத்திருந்த நேரம் இதுதான். எழுந்து தொண்டையைச் செருமினார்.

"யாருக்கும் சங்கடம் வேண்டாம். நாங்களே கூட்டிட்டுப் போறோம். எங்களுக்கு ஊர்ல வீடு இருக்கு. வாசல்ல லோடு ஆட்டோ நிக்கி."

அமுதவள்ளி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆட்டோவுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார்! கண்ணீர் வரவேண்டிய இடம். வரவில்லை. பதிலாக, மண்டைக்குள் ஒரு கதவு திறந்தது.

எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்தாள். கொண்டுவந்து புருஷன் கையில் கொடுத்தாள்.

"பாத்துப் போங்க. கழுத்துப் பொடதியில காத்து அடிக்கும், துண்டக் கட்டிக்கிடுங்க."

"நீ... ஏறலையா?"

"நான் எதுக்கு? நேந்த வீட்டு ஆள் ஒருத்தர் பாத்துக்கிட்டாப் போதும். நீங்களும் அந்த வீட்டு ஆள்தான?"

"ஏட்டி, நேந்தது நீயல்லா?"

"நேந்தது நான். ஊருக்குப் போணும்னு நிக்கிறது நீங்க. என் நேர்ச்சையும் உங்க ஆசையும் ஒரே வண்டில போகட்டும்."

"அம்மா சொல்றதுதான் கரெக்ட்டு" என்றார் செண்பகராஜ் அவசரமாக. சங்கம் கைதட்டியது. கையில் கயிற்றோடு நிற்கிறவர் எதைச் சொல்லி மறுப்பார்? சாமி கிடா. ஊர்க் காற்று. வீடு சும்மா கிடக்கிறது. எல்லாம் அவரே சொன்ன வார்த்தைகள். ஜெயபாண்டி வண்டியில் ஏறினார். பிரேமலதா ஓடிவந்து கிடா கழுத்தில் கதம்பம் ஒரு முழம் போட்டாள். செண்பகராஜ் ஆள் பார்க்காத நேரம் அதன் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஏதோ முணுமுணுத்தார்.

வண்டி விளாத்திகுளம் ரோட்டில் திரும்பியதும் அமுதவள்ளி லிஃப்டில் ஏறி மேலே போனாள். தனக்கு மட்டும் ஒரு டம்ளர் காப்பி போட்டு, பால்கனியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

இருட்டுகிற வேளைக்குப் போன் வந்தது.

"அமுதா, உப்பு டப்பா எங்கட்டி இருக்கு? அடுப்பையும் காணோம்."

"அதெல்லாம் இங்கனல்லா இருக்கு. வீடு மாத்தியாச்சே, மறந்துட்டா?"

 மறுமுனையில் கிடா கத்துவது கேட்டது.

"அப்ப நான் என்னத்தத் திங்க?"

"பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புரோட்டாக் கடை இருக்கும். போகும்போது கிடாவுக்கு வேப்பங்கொழை ஒடிச்சுப் போட்டுட்டுப் போங்க. முதல்ல அது திங்கட்டும்."